மருந்தில்லா நோயும் மருத்துவரை நாடுதலும்

தீராது என்று தெரிந்துவிட்ட நோய்க்காக மருத்துவரிடம் மீண்டும் மீண்டும் செல்வது அறிவுடைமையா? அது இறைவன்பால் நாம் வைக்க வேண்டிய நம்பிக்கைக்கு முரண் ஆகாதா? இக்கேள்வி ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்டதன்று. திருவண்ணாமலையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பத்து ஆண்டுகளாக ஓயாமல் கேட்கப்பட்டு வருவது. அவ்வீட்டுப் பிள்ளைக்கு ஆறு வயதில் தசைச் சிதைவு நோய் என்று கண்டறியப்பட்டது. அன்று முதல் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பெற்றோர் அவனை வேலூருக்குப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கின்றனர். ஒவ்வொரு முறையும் புறப்படுவதற்கு முன்னர் உறவினருள் யாரேனும் ஒருவர் வந்து, "டாக்டரே மருந்து இல்லைன்னு சொல்லிட்டார். பின்னே எதுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அலையிறீங்க? அல்லாஹ் மேல பாரத்தைப் போட்டுட்டு சபுரா இருங்களேன்" என்பார். சொல்பவர் கெட்டவர் அல்லர். அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. ஆகவே இதனைச் சற்று நின்று ஆராய்வோம்.

முதலில் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். தசைச் சிதைவில் பல வகைகள் உண்டு. சிறுவரிடம் மிகுதியாகக் காணப்படுவது டூஷென் வகை. 1860களில் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதிய பிரெஞ்சு மருத்துவர் டூஷென்னின் பெயரையே நோயும் பெற்றது. ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுள் ஒருவரை இது பற்றுகிறது. பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு வயதில் பிள்ளை அடிக்கடி விழுவான், படியேறத் திணறுவான். கெண்டைக்கால் மட்டும் பருத்துத் தோன்றும். அதைக் கண்டு, பிள்ளை கொழுகொழுவென்று வளர்கிறான் என்று மகிழ்ந்த பாட்டிமார் எத்தனையோ பேர்! தரையிலிருந்து எழும்போது அவன் தன் தொடைகளின் மீதே கைகளை ஊன்றி, தன் உடம்பின் மீது தானே ஏறுவதைப் போல எழுந்து நிற்பான். 1879இல் கவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் எடுத்துரைத்த இவ்வடையாளத்தை இன்றும் மருத்துவர்கள் முதற்கண் பார்க்கின்றனர். சிகிச்சை ஏதும் இல்லையெனில் பத்து, பன்னிரண்டு வயதளவில் நடை நின்றுபோகும். அதன்பின் கைகளும் முதுகெலும்பும் மூச்சும் இதயமும் ஒவ்வொன்றாகத் தளரும்.

இதற்குக் காரணமான மரபணுவை 1986இலும், அது உண்டாக்க வேண்டிய டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதத்தை 1987இலும் அறிஞர் கண்டறிந்தனர். நம் தசையின் இழைகள் ஒவ்வோர் அசைவிலும் சிதையாமல் தாங்கி நிற்பது இப்புரதமே. அஃதில்லாதபோது நடப்பதே தசைக்குத் தேய்மானமாகிறது. காரணம் தெரிந்து நாற்பது ஆண்டுகள் ஆகியும் நோயை வேரறுக்கும் மருந்து கைக்கு எட்டவில்லை. 2023இல் அமெரிக்காவில் ஒரு மரபணு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதன் விலை 32 இலட்சம் டாலர். அதனைப் பெற்றுக்கொண்ட, நடக்கவியலாத இளைஞர் இருவர் 2025இல் ஈரல் செயலிழந்து இறந்தனர். ஆகவே "மருந்து இல்லை" என்று உறவினர் சொல்வது, இற்றைநாள் வரை, பெரும்பாலும் மெய்.

பயணத்தின் துன்பமும் மெய். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். போளூர், கண்ணமங்கலம் வழியே பேருந்தில் இரண்டரை மணி நேரமாகும். நடக்கும் பிள்ளைக்கு இது ஒரு தொலைவே அன்று. நடவாத பிள்ளையைப் பேருந்தின் உயர்ந்த படிகளில் தூக்கி ஏற்றுவது எளிதா? ஆறு வயதில் தோளில் போட்டுக்கொண்டு ஏறிய தந்தைக்கு, பிள்ளை பதினான்கு வயதாகி, ஸ்டீராய்டு மருந்தால் எடையும் கூடியபின், தூக்க இயலாது. அப்பொழுது வாடகைக் கார் வேண்டும். அதற்கு ஒரு தொகை, அன்றைய கூலி இழப்பு, தாயும் உடன் வந்தால் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று செலவு வளரும். இவற்றோடு எங்கள் ஊருக்கே உரிய ஒரு கணக்கும் உண்டு. பௌர்ணமியில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்க இலட்சக்கணக்கானோர் கூடும் ஊர் இது. அன்று ஊருக்குள் வண்டி நுழைவதும் வெளியேறுவதும் அரிது. ஆகையால் மருத்துவர் நாள் குறிக்கும்போது இங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் மனத்திற்குள் பிறையை எண்ணிக்கொள்வர். பிறை பதினான்கு, பதினைந்து என்றால் "வேறு நாள் கொடுங்கள்" என்று கேட்பர். அய்யாமுல் பீள் நோன்பின் நாள்கள் நமக்கு இவ்வகையிலும் நினைவில் நிற்கின்றன!

ஒரு காலத்தில் நம் இல்லங்களில் "பிள்ளை வேலூருக்குப் போயிருக்கிறான்" என்றால், பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதப் போயிருக்கிறான் என்று பொருள். இன்று அதே சொற்றொடரைக் கேட்டால், "யாருக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்கிறோம். இரண்டுமே அறிவை நாடிய பயணங்கள்தாம். ஆனால் ஓதச் சென்றவன் ஆலிமாகத் திரும்பி வருவான் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. இப்பிள்ளை எப்படிச் சென்றானோ அப்படியே, அல்லது சென்ற முறையைவிட ஒரு படி தளர்ந்து திரும்பி வருகிறான். இதற்கோ இத்தனை பாடு என்று பிறர் நினைப்பதில் வியப்பில்லை.

இனி மார்க்க நோக்கில் பார்ப்போம். நோய்க்கு மருந்து செய்துகொள்வது தவக்குலுக்கு மாறானது அன்று என்பது நம் இமாம்கள் தெளிவாக்கிய செய்தி. கொள்ளைநோய் பரவிய சிரியாவினுள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பிய வரலாறு பலராலும் எடுத்தாளப்பட்டுவிட்டது, மீண்டும் விரிக்கவில்லை. நம் வழக்குக்கு அதைவிட நெருங்கியது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், தவக்குல் பற்றிய பகுதியில், செய்துள்ள பாகுபாடு. துன்பத்தை நீக்கும் வழிகளை அவர்கள் மூன்றாகப் பிரிக்கின்றனர். பசிக்கு உணவும் தாகத்திற்கு நீரும் போலப் பயன் உறுதியானவை ஒன்று. பொதுவான மருத்துவம் போலப் பயன் பெரிதும் எதிர்பார்க்கத்தக்கவை மற்றொன்று. வெறும் ஊகமாக நிற்பவை மூன்றாவது. முதல்வகையை விடுவது தவக்குல் ஆகாது. உயிருக்கு அச்சமுள்ளபோது விடுவது விலக்கப்பட்டதுமாகும். மூன்றாம் வகையை விடுவதே தவக்குலுக்கு உகந்தது. நடுவில் உள்ளதைச் செய்வதும் தவக்குலுக்கு முரணன்று, விடுவதும் பாவமன்று. நம் பகுதியில் பெரிதும் ஏற்கப்படும் ஹனஃபி மத்ஹபின் ஃபதாவா ஆலம்கீரியிலும் இதே பாகுபாடு காணப்படுகிறது.

உறவினரின் வாதம் இங்கேதான் வலுப்பெறுகிறது. உறுதியான பயன் உள்ளதை விட்டால்தான் குற்றம். இந்நோய்க்கோ உறுதியான மருந்தே இல்லை. ஆகவே விட்டுவிட்டுப் பொறுமை காப்பவர் உயர்ந்தவர் அல்லரா என்பது அவர் கேள்வி. "எல்லா நோய்க்கும் மருந்துண்டு என்று ஹதீஸ் இருக்கிறதே" என்று மறுமொழி கூறுவாரும் உளர். அவர்கள் அந்நபிமொழியைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்களின் அறிவிப்பில், மருந்து செய்துகொள்ளலாமா என்று வினவிய கிராமவாசிகளுக்கு அண்ணலார் (ஸல்) அவர்கள் இசைவளித்து, மருந்தின்றி எந்நோயும் இறக்கப்படவில்லை என்று கூறியதோடு, முதுமை என்னும் ஒன்றை மட்டும் விலக்கியும் வைத்தார்கள். மனித உடலில் திருப்ப முடியாத தேய்வு ஒன்று உண்டு என்பதை அண்ணலாரின் வாக்கே ஒப்புக்கொள்கிறது. முதுமையடைந்தாருக்கு நாம் ஊன்றுகோல் கொடுப்பதில்லையா? மருந்தில்லை என்பதற்காகப் பார்வை மங்கிய பாட்டனாரைத் தனியே தெருவில் விடுகிறோமா?

அந்த ஹதீஸைப் பாதியாகப் பிடித்துக்கொள்வதால் வேறொரு தீங்கும் நேர்கிறது. எங்கேயோ ஒரு மருந்து இருந்தே தீர வேண்டும் என்று எண்ணி, எண்ணெய் என்றும் சூரணம் என்றும் விற்பவரிடமெல்லாம் குடும்பங்கள் நகையை விற்றுப் பணம் கொட்டுகின்றன. அண்மைக் காலமாகக் குருத்தணுச் சிகிச்சை என்ற பெயரில் பல இலட்சம் கேட்போரும் கிளம்பியுள்ளனர். ஆய்வுக்கு வெளியே இத்தகைய நோய்களுக்கு அதனைச் சிகிச்சையாக விற்கலாகாது என்பதே 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட நெறிமுறை. கஸ்ஸாலி இமாம் மூன்றாவதாகச் சொன்னது இதுதான். ஆனால், இங்கே ஏமாந்து பணமிழந்தவர்கள், வேலூர்ப் பரிசோதனையையும் இதே கூட்டத்தில் சேர்த்து, "இதுவும் வீண்" என்று முடிவுகட்டிவிடுகின்றனர். அது தவறு.

இனி, என் கருத்தின் உயிர்நிலையாகிய இடத்துக்கு வருகிறேன். ஸஹீஹ் புகாரியில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக ஒரு பெண்மணியின் செய்தி பதிவாகியுள்ளது. வலிப்பு நோயால் துன்புற்ற கறுப்பினப் பெண்மணி ஒருவர் அண்ணலாரிடம் வந்து துஆ கேட்டார். விரும்பினால் பொறுத்துக்கொள்ளலாம், சுவனம் உண்டு. விரும்பினால் நலம்பெற துஆ செய்கிறேன் என்று இரண்டு வழிகளை அவர் முன் வைத்தார்கள் அண்ணலார். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். நம் சொற்பொழிவாளர்கள் இவ்விடத்தில் நிறுத்திவிட்டுப் பொறுமையின் சிறப்பை விரிப்பர். ஆனால் அப்பெண்மணி அங்கே நிறுத்தவில்லை. வலிப்பு வரும்போது தம் ஆடை விலகிப்போகிறது என்றும், அவ்வாறு விலகாதிருக்க துஆ செய்ய வேண்டும் என்றும் இன்னொரு வேண்டுகோள் விடுத்தார். அண்ணலாரும் அதற்காக துஆ செய்தார்கள்.

இதனுள் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, நோயைப் பொறுத்துக்கொள்வது வேறு. நோயினால் வரும் இழிவையும் தவிர்க்கக்கூடிய துன்பத்தையும் பொறுத்துக்கொள்வது வேறு. முதலாவதை ஏற்றுக்கொண்ட அம்மாதரசி இரண்டாவதை ஏற்கவில்லை. அதனால் அவருடைய பொறுமைக்குக் குறைவு வந்துவிடவும் இல்லை. மற்றொன்று, பொறுமையைத் தேர்ந்தவர் அவரே. வேறு யாரும் அவருக்காகத் தேர்ந்து கொடுக்கவில்லை. கேள்வி அவரிடமே கேட்கப்பட்டது.

வேலூர்ப் பரிசோதனை அந்தப் பெண்மணியின் இரண்டாவது வேண்டுகோளைப் போன்றது. அங்கே என்ன செய்கிறார்கள் என்று அறியாதவர்க்கு, நாள் முழுவதும் சீட்டுக்கும் வரிசைக்கும் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு வருவதாகத்தான் தோன்றும். நோயின் வேரை அவர்கள் தொடுவதில்லை. அதன் கிளைகளைக் கவனிக்கிறார்கள். குதிகால் தசைநாண் இறுகிக் கால் விறைத்து நிற்காதிருக்க எவ்விதம் நீட்டிவிட வேண்டும், இரவில் எந்தக் கட்டைப் பூட்டவேண்டும் என்று தாய்க்குக் கற்பிக்கிறார்கள். முதுகெலும்பு வளைகிறதா என்று பார்க்கிறார்கள். நடையைச் சில ஆண்டுகள் நீட்டித்துத் தரும் ஸ்டீராய்டு மருந்தின் அளவைக் கணிக்கிறார்கள். அதனால் எடை கூடுகிறதா, எலும்பு நொய்கிறதா என்று ஆராய்கிறார்கள். இம்மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ரமலானில் நோன்பு நோற்கும் ஆசையால் பிள்ளை மாத்திரையைத் தானாக விட்டுவிடலாகாது. நோற்கலாமா, சஹர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும். வேறு ஏதேனும் அறுவைக்காக மயக்கம் கொடுக்க நேர்ந்தால் இந்நோயாளிக்கு ஆகாத மருந்துகள் உண்டு என்பதையும் குறித்துத் தருகிறார்கள். அந்தத் தாளை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றினும் தலையாயவை இதயமும் மூச்சும். நம்மைப் போல் நடப்பவருக்கு இதயம் தளர்ந்தால் மாடிப்படி ஏறும்போது இரைப்பு வந்து காட்டிக்கொடுத்துவிடும். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவன் எந்தப் படியை ஏறுகிறான்? அவன் இதயத் தசை ஓசையின்றி நலியும்; எக்கோ பரிசோதனையில்தான் தெரியும். தெரிந்தால் மருந்து கொடுத்து அந்நலிவைத் தாமதப்படுத்தலாம். மூச்சும் அப்படியே. முதலில் தளர்வது உறக்கத்தின்போது. காலையில் எழும்போது தலைவலி, இரவில் கெட்ட கனவு, பாடத்தில் கவனமின்மை என்று பிள்ளை சொன்னால், "செல்போன் பார்த்ததால்தான்" என்று நாம் கடிந்துகொள்வோம். உண்மையில் இரவெல்லாம் போதிய காற்று மாறாமையால் கரியமிலவாயு உடலில் தங்கியதன் அடையாளமாக அஃது இருக்கலாம். ஒரு குழாயில் முழு வலிவோடு ஊதச் சொல்லி, சென்ற முறை ஊதியதோடு ஒப்பிட்டால் தளர்ச்சி விளங்கிவிடும். ஒருமுறை ஊதிய அளவு தனியே நின்று முழுச் செய்தியைச் சொல்லாது. இரண்டு அளவுகளுக்கு இடையிலுள்ள வேறுபாடே வரவிருப்பதை முன்னறிவிக்கும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஏன் போகவேண்டும் என்பதற்கு விடை இதிலேயே அடங்கியுள்ளது.

இதன் பயன் எத்துணை? இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர்கள் 2002இல் தங்கள் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டனர். 1960களில் இந்நோயுற்றோர் சராசரியாக 14 வயதளவில் இறந்தனர். 1990க்குப் பின், இரவில் சுவாசக் கருவியின் துணை பெற்றவர்களின் சராசரி 25 வயது. நோயைத் தீர்க்கும் மருந்து இடையில் கண்டுபிடிக்கப்படவில்லை. தளர்ச்சி வருமுன் அளந்து அறிந்து, வந்த நேரத்தில் கைகொடுத்தமையால் விளைந்தவை அந்தப் பதினோர் ஆண்டுகள். பதினான்குக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் ஒருவன் என்னென்ன செய்துவிட முடியும்! குர்ஆனை மனனம் செய்யலாம், பட்டம் பெறலாம், ஒரு தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். "மருந்தில்லை" என்ற சொல்லையும் "பயனில்லை" என்ற சொல்லையும் ஒன்றாக்கிவிட்டதே உறவினரின் வாதத்திலுள்ள பிழை. இமாம்களின் பாகுபாட்டில் இப்பரிசோதனை ஊக வகையில் சேராது. இரவில் மூச்சு முட்டுபவனுக்குச் சுவாசக் கருவி, தாகத்துக்கு நீர் என்ற முதல் வகைக்கே மிக அருகில் நிற்பது என்பது என் துணிபு.

மேலும் ஒன்று. தன் உடம்புக்கு மருந்து வேண்டாம் என்று ஒரு பெரியவர் ஒதுக்கிப் பொறுமை காப்பாராயின் அவரை யாம் குறை கூறோம். முன்னோர் பலர் அவ்வாறு இருந்துள்ளனர். ஆனால் பிள்ளையின் உடம்பு தந்தையின் உடைமையன்று; அமானிதம். சிறுவனுக்கு ஒரு சொத்து வந்திருந்தால், தந்தை அதனைப் பாதுகாக்கலாம், பெருக்கலாம். பிறருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட அவருக்கு உரிமை இல்லை. எவ்வளவு உயர்ந்த தருமத்திற்கானாலும் கொடுக்கலாகாது என்பதே ஃபிக்ஹின் தீர்ப்பு. பிள்ளையின் ஒரு காசை ஸதக்கா செய்ய உரிமை பெறாத தந்தை, பிள்ளையின் மூச்சைத் தம் பொறுமையின் கணக்கில் எப்படி ஸதக்கா செய்வார்?

வேலூர் மருத்துவமனை கிறித்தவர்கள் நடத்துவதாயிற்றே என்று தயங்குவோர் இன்றும் ஒரு சிலர் உளர். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, தகீஃப் குலத்து மருத்துவரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் காட்டுமாறு அண்ணலார் கூறினார்கள். அந்த ஹாரிஸ் இஸ்லாத்தைத் தழுவினாரா என்பதிலேயே வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தயங்குவோர்க்கு இது போதும். அன்றியும், அம்மருத்துவமனை தோன்றியதற்குக் காரணமான நிகழ்ச்சியில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. திண்டிவனத்தில் ஓரிரவு ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணின் கதவை மூவர் ஒருவர்பின் ஒருவராகத் தட்டினர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு அப்பெண் கூற, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அம்மூவருள் ஒருவர் முஸ்லிம். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் பயிலச் செய்தது. 1900இல் வேலூரில் அவருடைய பணி தொடங்கியது. உயிர் போகும் நிலையில் ஆண் மருத்துவர் பார்ப்பதை நம் ஷரீஅத் தடுக்கவில்லை, தடுத்தது வழக்கம். வழக்கத்தை மார்க்கம் என்று எண்ணிய அந்த இரவு, இன்று திண்ணையில் கேட்கப்படும் கேள்விக்கு வெகுதொலைவில் இல்லை.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற அம்மையார் இருந்தார். இளம் மருத்துவராக இருக்கையில் 1954இல் நேர்ந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அவருக்கும் மருந்து இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று உடலியக்க மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்து, அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1986இல் அம்மையார் மறைந்தார். நடக்க முடியாத ஒருவரின் முயற்சியால் வளர்ந்த துறையில், நடக்க முடியாத பிள்ளைகளுக்கு எப்படி அமர்வது, எப்படி எழுதுவது, எப்படிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று இன்றும் கற்பிக்கின்றனர்.

சொல்லாமல் விடத்தகாத இன்னொரு செய்தி, தாய்மார் படும் பழி. டூஷென் வகைக் குறை தாய்வழி வரும் எக்ஸ் நிறப்புரியில் உள்ளது என்பதை எங்கோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "உன் வழியில்தான் வந்தது" என்று மருமகளைக் குத்திக் காட்டும் மாமியார்களும், அதைக் காரணமாக்கி மறுமணம் பேசும் கணவன்மார்களும் இருக்கின்றனர். இந்நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் தாய்மாரிடம் அக்குறையே இருப்பதில்லை. பிள்ளையிடம் புதிதாகத் தோன்றியதாகும். மற்றவரிடம் இருந்தாலும் அஃது அவர்கள் தேடிக்கொண்டதா? தன் கண்ணின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார்? ஒருவர் சுமையை மற்றொருவர் மீது ஏற்றலாகாது என்று ஓதும் சமுதாயம், யாருமே ஏற்றுக்கொள்ளாத சுமையை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றுவது கொடுமை. மாமன், அத்தை பிள்ளைகளுக்குள் மணம் செய்ததால்தான் டூஷென் நோய் வந்தது என்பதும் சரியன்று. ஆனால் இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் வேறு வகைகள் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருபவை. நெருங்கிய உறவில் மணம் செய்யும்போது அவற்றுக்கு வாய்ப்புக் கூடும். அவ்வகை பெண்களையும் விடுவதில்லை. ஒரு வீட்டில் நோய் தோன்றிவிட்டால், எந்த வகை என்று மரபணுச் சோதனையால் அறிந்துகொண்டு, அடுத்த திருமணம் பேசுமுன் மருத்துவரின் ஆலோசனை கேட்பது பெரியோர் கடமை. பரிசோதனைப் பயணத்தின் பயன் அந்த ஒரு பிள்ளையோடு நின்றுவிடுவதில்லை.

சேலத்தில் வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்ற சகோதரியர் இருவரும் தசைச் சிதைவுற்றவர்கள். அவர்கள் ஆதவ் அறக்கட்டளை என்ற ஒன்றைத் தோற்றுவித்து, தம்மைப் போன்ற நோயாளருக்குப் பயிற்சியும் துணையும் கிடைக்கச் செய்தனர். மாதேவி 2017இல் மறைந்தார். தம்மால் ஒரு குவளையைத் தூக்க முடியாதவர்கள் பிறருடைய வாழ்வைத் தூக்கி நிறுத்த முயன்றதைக் கண்டபின், இப்பிள்ளைகளைப் பார்த்து "பாவம்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்து போக நமக்கு நாணம் வரவேண்டாமா? நம் பள்ளிவாசல்களில் எத்தனையில் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை உண்டு? எத்தனை ஹவுளில் அமர்ந்தபடி ஒளூச் செய்ய முடியும்? இருந்து தொழுவதற்கும் படுத்துத் தொழுவதற்கும் சலுகை உண்டென்று பாடம் நடத்துகிறோம். அச்சலுகையைப் பெற வேண்டியவன் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச் சிதைவையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அரசின் மாத உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பம் எழுதித் தர ஜமாஅத்தில் ஓர் இளைஞரை அமர்த்துவது பெரிய செலவும் அன்று.

பயணம் எந்நிலையிலும் கட்டாயம் என்று யான் சொல்லவில்லை. கடமை பயனுக்கே, தொலைவுக்கு அன்று. பிள்ளை மிகவும் தளர்ந்து, அசைப்பதே அவனுக்கு வேதனையாகிவிட்ட நிலையில், கார் பயணம் நன்மையைவிடத் தீமை செய்யுமானால், அதனை விடுவதே முறை. திருவண்ணாமலையிலேயே 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவரும் வலி தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகின்றனர். எதை அங்கே பார்ப்பது, எதை இங்கே பார்ப்பது என்று வேலூர் மருத்துவரிடமே கேட்டு வகுத்துக்கொள்ளலாம்.

இவ்வாறு வகுக்கும்போது, பிள்ளை வளர்ந்துவிட்டான் என்பதை மறத்தலாகாது. சிறுவனாக இருக்கையில் தந்தையிடம் அமானிதமாக இருந்த உடம்பு, அவன் பருவமும் பகுத்தறிவும் எய்தியபின் அவனிடமே ஒப்படைக்கப்பட வேண்டிய அமானிதம். அண்ணலார் அப்பெண்மணியிடம் கேட்டதுபோல் அவனிடமும் கேட்கவேண்டும். கேட்பதற்கு முன் உண்மையைச் சொல்லவேண்டும். "எல்லாம் சரியாகிவிடும்" என்று பத்து ஆண்டுகள் சொல்லி வந்த வாய்க்கு அது மிகக் கடினம். ஆனால் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம் அறிந்தே இருக்கின்றனர்.

முற்கூறிய வீட்டில் சென்ற ஆண்டு அது நடந்தது. மருத்துவர் பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் தனியே அரைமணி நேரம் பேசினார். திரும்பும் வழியில், கண்ணமங்கலத்தில் தேநீருக்காகக் காரை நிறுத்தியபோது, அவன் தன் தந்தையிடம், "அத்தா, எலும்புக்கும் காலுக்கும் இனி நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கலாம். இதயமும் மூச்சும் பார்க்கிறதை மட்டும் விட வேண்டாம். ராத்திரி மெஷின் வெச்சுக்கச் சொன்னா வெச்சுக்கிறேன். தொண்டையிலே துளை போடறதைப் பத்தி இப்போ முடிவு சொல்ல மாட்டேன், அது வரும்போது என்னைக் கேளுங்க" என்றான். தந்தை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு ஒப்புக்கொண்டார். அடுத்த மூச்சுப் பரிசோதனைக்கு ஷவ்வால் பிறை ஒன்பதில் நாள் வாங்கியிருக்கின்றனர். அறுவை வந்தால் கேட்பதாகத் தந்தை கொடுத்த வாக்கைப் பிள்ளை தன் நோய்க்குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியிட்டு எழுதச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறான்.